‘நாம என்ன சாதி?’ என்று பிள்ளை கேட்டால்... – வாசகர் கேள்வி பதில்

சாதி, நிறம், ஊர், மொழி இவற்றைச் சொல்லி மனிதரை மேல் கீழ் என்று பிரிப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதிக் கேட்டவற்றில் ஒன்பது கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. யு.கே.ஜி.யில் பக்கத்தில் உட்காரும் குழந்தையைப் பற்றி, ‘அவ கறுப்பு, அழுக்கா இருக்கா, நான் அவகூட உட்கார மாட்டேன்’ என்கிறாள். பதறிப்போய், ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று அதட்டிவிட்டேன். வேறென்ன செய்ய வேண்டும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அதட்டினால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும், நினைப்பு மாறாது. ‘நிறத்தைப் பற்றி அம்மா காதுபடப் பேசக் கூடாது’ என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். ஐந்து வயது ஒன்றும் தெரியாத வயதும் இல்லை. அமெரிக்காவில் 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, ‘எது நல்ல பொம்மை?’ என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத் தொட்டுக் காட்டினார்கள். பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

உங்கள் மகள் அழுக்கையும் நிறத்தையும் ஒன்றாக நினைக்கிறாள். முதலில் அதைப் பிரித்துக் காட்டுங்கள். அவள் கையிலேயே கொஞ்சம் மண்ணைப் பூசி, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ‘மண்ணு போயிடுச்சு, உன் நிறம் போச்சா? அழுக்கு மேல ஒட்டுறது. நிறம் தோலுக்குள்ளயே இருக்குறது. எல்லாருக்கும் அப்படித்தான்’ என்று சொன்னால் போதும். இரண்டு மூன்று வருடம் கழித்து மெலனின் பற்றிச் சொல்லலாம். நிறத்தைத் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை என்பதில்தான் வேறுபாடு. கடும் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காப்பதும் அந்த மெலனின்தான்.

அடுத்து வண்ணம் கலக்கலாம். கடையில் வாங்கும் கிரேயான் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று பிள்ளைகள் எடுப்பது பெரும்பாலும் வெளிர் இளஞ்சிவப்பு. நம் வீட்டில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. போஸ்டர் கலர் மஞ்சள் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு, நீலம் தூரிகை நுனியளவு சேர்த்துக் கலக்கினால் பழுப்பு வரும். அதில் வெள்ளையையோ மஞ்சளையோ நீலத்தையோ சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, அவரவர் புறங்கைக்குப் பொருந்தும் வரை கலக்க வேண்டும். நீலத்துக்குப் பதில் கறுப்பைக் கொட்டினால் நிறம் உயிரற்றுச் சாம்பலாகிவிடும், குழந்தைக்கும் ‘கறுப்பு சேர்த்தா கெட்டுப்போகும்’ என்று மனதில் பதியும். அதனால் கறுப்புப் புட்டியை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். முடித்த பிறகு கைகளை வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசைப்படுத்தி வைக்காதீர்கள், அது போட்டியாகிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு வீட்டில் ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று யாரையாவது பாராட்டினால் எல்லாம் வீண். மாசமாக இருப்பவருக்குப் பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூப் பால் கொடுப்பதையும், பெண் பார்க்கும் பேச்சில் நிறத்தைச் சொல்வதையும் குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சு முதலில் நிற்கட்டும்.

அந்த இன்னொரு குழந்தையையும் மறக்கக் கூடாது. உங்கள் மகளை வகுப்பில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். அந்தக் குழந்தை அதே சொல்லை எல்லார் முன்னாலும் இன்னொரு முறை கேட்க நேரும். ஆசிரியையிடம் தனியாகச் சொல்லி, இருவரும் சேர்ந்து செய்யும்படி ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் மகன், ‘நாம என்ன சாதி?’ என்று கேட்டான். ‘நமக்கெல்லாம் சாதி கிடையாது’ என்று சொல்லிவிட்டேன். சாதி பெயரையே காதில் போடாமல் வளர்ப்பதுதானே நல்லது? (வாசகர், சேலம்)

பதில்: உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் பதில் பொய் என்று அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஊர்த் திருவிழாவில், உறவினர் கல்யாணப் பத்திரிகையில், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் பார்ப்பான். அப்போது விளக்கம் கேட்க உங்களிடம் வர மாட்டான். வகுப்பு நண்பர்களிடமும் கைப்பேசியிலும் கேட்பான். அங்கே கிடைக்கும் பதில் என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில், கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ‘யாராவது கேட்டாங்களா? எதுக்குக் கேட்டாங்க?’ பெரும்பாலும் பள்ளியில் ஏதோ நடந்திருக்கும். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு இவ்வளவு போதும்: ‘ரொம்பக் காலத்துக்கு முன்னால மனுஷங்களைப் பிறப்பை வெச்சுப் பிரிச்சு, இவங்க மேல, இவங்க கீழ, இவங்க இந்த வேலைதான் செய்யணும்னு வெச்சாங்க. அதுக்குப் பேர் சாதி. நம்ம குடும்பத்தை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அது தப்பான ஏற்பாடு. அதனால சில பேருக்கு நிலம் கிடைச்சுது, சில பேரைக் கிணத்துல தண்ணி எடுக்கவே விடல.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நம் குடும்பம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவன் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தாத்தா காலத்தில் வீட்டில் தனி டம்ளர் இருந்தது என்றால் இருந்தது என்றே சொல்லலாம். குற்ற உணர்ச்சியை அவன் தலையில் ஏற்ற வேண்டாம். ‘அது நீ செஞ்சதில்ல. இனிமே நடக்காமப் பாத்துக்குறது நம்ம வேலை’ என்று சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்று அச்சிட்டிருக்கிறது. எத்தனை வீடுகளில் அந்தப் பக்கத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்? இன்றைக்கு எடுத்துப் படியுங்கள். தீண்டாமை என்றால் என்ன என்று அவன் கேட்பான், பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

இன்னொன்று: சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் பள்ளிச் சான்றிதழில் அந்த இடத்தை வெற்றாக விடலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது. விடுவது உங்கள் உரிமை. ஆனால் சான்றிதழில் சாதிப் பெயரை எடுப்பதும், அந்தச் சாதியால் வாழ்க்கையில் கிடைக்கும் மேல்நிலையை விடுவதும் ஒன்றல்ல என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். நகரத்தில் வசிக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. எங்கள் சாதியைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. சொன்னால் தாழ்வாக நினைப்பாளோ என்று பயம். எப்போது, எப்படிச் சொல்வது? (பெற்றோர், விழுப்புரம்)

பதில்: மற்றவர் வாயால் வசைச்சொல்லாகக் கேட்கும் முன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். பத்து வயது சரியான வயது. ஆறாம் வகுப்புக்குப் போகும்முன் சொல்லிவிடுங்கள். பள்ளி மாறுகிற சமயத்தில்தான் கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று பேச்சு வரும். ‘எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க’ என்று வகுப்பில் கூப்பிட்டு அவள் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது கொடுமை.

அவமானத்திலிருந்து கதையைத் தொடங்காதீர்கள். முதல் நாள் மனிதர்களைச் சொல்லுங்கள். 1893-இல் தன் சமூகத்தின் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை நடத்தி, பின்னர் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்த இரட்டைமலை சீனிவாசன். 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசர். மேடைகளில் பேசி மக்களைத் திரட்டிய மீனாம்பாள் சிவராஜ். உங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவர் யார், முதல் சம்பளம் வாங்கியவர் யார் என்பதையும் இவர்களோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள், சில நாட்கள் விட்டு, ஒடுக்குமுறையைச் சொல்லுங்கள். அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது வகுப்பில் தனியாக ஒரு கோணியில் உட்கார வேண்டியிருந்தது, அந்தக் கோணியைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. தாகம் எடுத்தாலும் பள்ளிப் பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். அவரே எழுதிவைத்த செய்திகள் இவை. பத்து வயதுப் பெண்ணுக்கு இதன் அநியாயம் உடனே புரியும். கொலை, எரிப்பு போன்ற செய்திகளை இப்போது வேண்டாம். பதின்மூன்று வயதுக்கு மேல் அவள் செய்தித்தாள் படிக்கும்போது கூட இருந்து பேசுங்கள்.

மூன்றாவதாக, யாராவது ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று ஒத்திகை பாருங்கள். இது ரொம்ப முக்கியம். திகைத்துப் போகிற நேரத்தில் வாயில் வருவது, முன்பே சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். ‘நீ சொன்னது தப்பு, சட்டப்படி குற்றம், நான் டீச்சர்கிட்ட சொல்லப் போறேன்’, இது போதும். வாக்குவாதம் வேண்டாம், அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும், அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். ‘நீ என்ன பண்ணின, அவன் ஏன் சொன்னான்?’ என்ற கேள்வியை நீங்கள் ஒருபோதும் கேட்கக் கூடாது. தேதி, இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் யார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிறர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பள்ளி கண்டுகொள்ளவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417, வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566.

உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனித்தனியாகச் சொல்லும்படி தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் உங்கள் மகளோடு இன்னும் பல பிள்ளைகளும் தப்பிப்பார்கள்.

கேள்வி: பள்ளியில் காலை உணவு சமைக்கும் அம்மா ‘வேற ஆளுங்க’ என்று சொல்லி, பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளையைச் சாப்பிடவிடுவதில்லை. என் பிள்ளையும் இப்போது அங்கே சாப்பிட மாட்டேன் என்கிறான். (ஊர் வேண்டாம்)

பதில்: அது தீண்டாமை. அரசியலமைப்பின் 17-வது பிரிவு எந்த வடிவிலும் தடை செய்தது. பிள்ளையிடம் சுற்றி வளைக்க வேண்டாம்: ‘அவங்க சமைக்கிறது நல்லா இல்லைன்னு யாரும் சொல்லல. அவங்க பிறந்த சாதியைச் சொல்றாங்க. நம்ம வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டோம்.’ பிறகு ஒரு நாள் காலையில் நீங்களே பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, பிள்ளையோடு உட்கார்ந்து அந்த உப்புமாவையோ பொங்கலையோ சாப்பிடுங்கள். சமைத்த அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். நூறு அறிவுரையில் ஆகாதது அதில் ஆகும். பக்கத்து வீட்டாரோடு சண்டை போடப் பிள்ளையைத் தூது அனுப்ப வேண்டாம், அந்தப் பேச்சைப் பெரியவர்கள் பெரியவர்களோடு பேச வேண்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மகன் கையில் புதிதாக ஒரு நிறக் கயிறு. கேட்டால் ‘சாமிக் கயிறு’ என்கிறான். அவன் நண்பர்கள் எல்லாரும் அதே நிறத்தில் கட்டியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதிப் பெருமைப் பாட்டு வேறு. பிடுங்கி எறியலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வாசலைத் தாண்டியதும் வேறொன்று கட்டிக்கொள்வான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்துவான். ஆனால் ‘வயசு அப்படி’ என்று விட்டுவிடவும் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் உடன் படித்தவர்களே இருந்தார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி பள்ளியில் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

கயிறு தானாக முளைப்பதில்லை, யாரோ கொடுக்கிறார்கள். யார் கொடுத்தது என்று கண்டுபிடியுங்கள். பள்ளிப் பையன்களை முன்னே நிறுத்தி, கோயில் கொடைக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் பேனர் கட்ட அழைத்துப்போகிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பையனுக்கு அங்கே கிடைப்பது மரியாதை, கூட்டம், ‘நம்ம ஆளு’ என்ற சொல். வீட்டிலும் பள்ளியிலும் திட்டு மட்டுமே வாங்குகிறவன் அங்கேதான் போவான். அந்த இடத்தை நிரப்ப வேறு ஏதாவது வேண்டும். பல தெருப் பையன்களும் கலந்து ஆடுகிற கபடிக் குழு, கால்பந்துக் குழு, பள்ளியின் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் (ஜே.ஆர்.சி.) எதுவானாலும் சரி. கலந்து ஆடாத, ஒரே தெருப் பையன்களின் அணியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், அதைக் கவனியுங்கள்.

பேசும்போது கேள்வியாகக் கேளுங்கள். ‘இந்தக் கயிறு கட்டாதவன் உன் வகுப்புல யாரு? அவன்கூடப் போன வருஷம் பேசினியா? இப்ப பேசுறியா?’ பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி உள்ளே வேலை செய்யும். சட்டத்தையும் சொல்லுங்கள்: பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்தால், சிறார் நீதி வாரியம் ஆராய்ந்து, பெரியவர்களைப் போலவே விசாரிக்க அனுப்ப முடியும். ஆனால் ‘கேஸ் வந்தால் வேலை கிடைக்காது’ என்ற பயத்தை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். மாட்டிக்கொள்ளாமல் செய்யக் கற்றுக்கொள்வான். வெட்டுப்பட்ட பையனுக்கும் ஒரு அம்மா இருக்கிறார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பகல் உணவு இடைவேளையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று வகுப்பாசிரியரைக் கவனிக்கச் சொல்லுங்கள். கயிற்றைவிட அது நம்பகமான அடையாளம்.

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். ஏப்ரல் 14 சமத்துவ நாளையொட்டி, சில மாணவர்களைத் தீண்டப்படாதவர்களாக நடிக்கவைத்து, தனிக் குவளை, தனி இடம் என்று ஒரு நாடகம் போட நினைக்கிறேன். அனுபவித்துப் பார்த்தால்தான் புரியும் அல்லவா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் வகுப்பில் அதை ஏற்கெனவே அனுபவித்த பிள்ளைகள் இருக்கலாம். அவர்களுக்கு அது நாடகம் இல்லை. அவர்களை எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் தவறு. ஒடுக்கப்பட்டவராகப் போட்டால் காயம், ஒடுக்குபவராகப் போட்டால் வகுப்பே சிரிக்கும். அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து உயர்வு தாழ்வாகப் பிரித்துப் பாடம் நடத்தினார். ஒரே நாளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற பாடம்தான், அதே அளவுக்கு எதிர்ப்பும் வந்தது. அவர் எடுத்துக்கொண்டது, அதுவரை யாரையும் தாழ்த்தாத கண்ணின் நிறத்தை. நீங்கள் எடுக்கப்போவது ஊருக்குள் இன்றும் உயிரோடு இருக்கிற ஒன்றை.

அதே காரணத்தால் ‘உங்கள் ஊரின் வரைபடம் வரைந்து, எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்’ என்ற பயிற்சியும் கலந்த வகுப்பில் வேண்டாம். யார் காலனி, யார் ஊர் என்பது பத்து நிமிடத்தில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

தூரத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தின் மகாடு மிகப் பொருத்தம், எட்டாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளை போதும். முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். 1923: பொதுக் குளம், கிணறு, பள்ளி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924: மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறப்பதாகத் தீர்மானித்தது. 1927 மார்ச் 20: அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். இப்போது நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அனுமதி கிடைத்த பிறகும் மூன்று வருடம் ஏன் யாரும் குடிக்கவில்லை?’ நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, பத்து நிமிடம் கொடுத்து எழுதவையுங்கள். குழுவை நீங்களே பிரியுங்கள், பிள்ளைகளை விட்டால் தெருவாரியாகச் சேர்ந்துகொள்வார்கள். ‘பயம்’ என்று பலர் எழுதுவார்கள். ‘எதற்குப் பயம்? யாருடைய நிலத்தில் வேலை செய்தார்கள்? கூலி கொடுத்தது யார்?’ என்று தோண்டுங்கள். சாதி என்பது மனதில் இருக்கும் வெறுப்பு மட்டும் இல்லை, நிலமும் கூலியும் அதில் இருக்கின்றன என்பது அங்கே வெளிவரும்.

இரண்டாவது பாடவேளையில் பிறகு நடந்தது. குடித்தவர்கள் அன்றைக்கே தாக்கப்பட்டார்கள். பால், தயிர், சாணம், கோமியம் கலந்து 108 குடங்கள் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். வழக்கு நடந்தது. 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து ஆண்டு. இதைக் கேட்ட பிறகு ‘இப்பல்லாம் யார் டீச்சர் சாதி பாக்குறா?’ என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். அவனை அடக்க வேண்டாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தியைச் சொல்லுங்கள். அவனே யோசிக்கட்டும்.

வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையையும் ‘உங்க வீட்டுல இப்படி நடந்திருக்கா, சொல்லு’ என்று எழுப்பாதீர்கள். தானாக ஒருவர் பேசினால், நன்றி சொல்லிக் கேட்டுக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: ‘என்னைவிட மார்க் கம்மியா வாங்கினவளுக்கு சீட் கிடைச்சிருக்கு, இது என்ன நியாயம்?’ என்று பிளஸ் டூ முடித்த மகள் அழுகிறாள். என்ன சொல்வதென்றே தெரியவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: அழுகையை முதலில் அழுகையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளும் பேனாவுமாக உட்காருங்கள். தர்க்கத்தைவிடக் கணக்கு இங்கே நன்றாக வேலை செய்யும்.

நூறு இடங்கள் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் முதல் 31 பொதுப் பிரிவு. அது யாருக்கும் ஒதுக்கியது அல்ல, எல்லாச் சாதியினரும் மதிப்பெண் வரிசைப்படி அதில் வரலாம். மீதி 69-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இப்போது கூட்டச் சொல்லுங்கள்: 69-இல் 50 யாருக்குப் போகிறது? உங்கள் குடும்பம் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? அப்பா, சித்தப்பா, அத்தை யாராவது இதில் படித்தவர்களா? ‘இட ஒதுக்கீடு என்றால் எஸ்.சி.க்கு’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல வீடுகள், மூன்று தலைமுறையாக அதே ஏணியில் ஏறி வந்தவை. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை நேர்மையாகப் பேசவைக்கும் இடம் இதுதான்.

பிறகு வரலாறு, சுருக்கமாக. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில், சமூகப் பிரிவுகளுக்கு இடம் பங்கிடும் முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது. 1951-இல் கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாடு கொந்தளித்தது. அதையொட்டித்தான் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 69 சதவீதத்துக்கான சட்டம் 1993-இல் இயற்றப்பட்டு, 1994-இல் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் 2020-இல் வந்தது. அது சாதியைப் பார்க்காமல் படித்த பள்ளியைப் பார்க்கிறது. மதிப்பெண் என்பது மூளை மட்டும் இல்லை. எந்தப் பள்ளி, என்ன டியூஷன், வீட்டில் படிக்கத் தனி இடம் இருந்ததா, எல்லாம் சேர்ந்தது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

‘ஏழையாக இருந்தால் கொடுக்கலாம், சாதிக்கு எதற்கு?’ என்று அடுத்துக் கேட்பாள். பணம் வந்த பிறகும் வாடகைக்கு வீடு கிடைக்காதவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். இட ஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டம் அல்ல, வாசலில் நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு. அந்தத் தோழியின் மதிப்பெண்ணை வீட்டில் இனி யாரும் எடுக்கக் கூடாது.

கேள்வி: லண்டனில் இருக்கிறம். பள்ளியில் எங்கட மகனை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யினம். அதே மகன் வீட்டில் கறுப்பினப் பிள்ளைகளைக் ‘கறுவல்’ எண்டு சொல்லுறான், அது எங்களிட்ட இருந்து பழகினது. எங்க இருந்து தொடங்குறது? (வாசகி, லண்டன்)

பதில்: இரண்டையும் ஒரே நாளில் பேசுங்கள். பள்ளி விஷயத்துக்கு: நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் என்று எழுதி, வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னது காணாமற்போகும். பதில் இல்லையென்றால் தலைமை ஆசிரியர், அதன் பிறகு பள்ளி ஆளுநர் குழு. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, இனப் பாகுபாட்டை ஒழிக்க முனைவது அரசுப் பள்ளிகளின் கடமை. கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு பிரிஸ்டல் கதையைச் சொல்லலாம். 1963-இல் அந்நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் நடத்துநராக எடுக்க மறுத்தது. கை பெய்லி என்ற 18 வயது ஜமைக்கா இளைஞர் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, அவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். கரீபிய வம்சாவளி மக்கள் முன்நின்று, பால் ஸ்டீபன்சன் தலைமையில் நான்கு மாதம் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்ட் 28-இல் நிறுவனம் பணிந்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். 1965-இல் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வர இந்தப் போராட்டமும் தூண்டுதலாக இருந்தது. இன்றைக்கு உங்கள் மகன் புகார் கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்றால், அவன் கேலி செய்கிற பிள்ளைகளின் தாத்தா பாட்டிமாரின் உழைப்பும் அதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் இன்னொன்றையும் விடாதீர்கள். இலங்கையில் சாதியைச் சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல் வந்த பிறகும், 1968-இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. தடுத்தவர்களும் தமிழர்கள்தான். இன ஒடுக்குமுறையை மட்டும் சொல்லி இதை மறைத்தால், நாம் எப்போதும் ஒடுக்கப்பட்டவர்கள்தான் என்று பிள்ளை நம்பிவிடும். ‘கறுவல்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை, நீங்களும் உங்கள் கணவரும் இன்றோடு விட்டுவிடுவதாகப் பிள்ளை முன்னால் சொல்லுங்கள். வாய் தவறி வந்தால் நினைவூட்டும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒடிசா, பீகார் தொழிலாளர் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் ‘வடக்கன்’, ‘பான்பராக்’ என்று கூப்பிடுகிறார்கள். (ஆசிரியர், திருப்பூர்)

பதில்: முதல் நாளே அவர்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்று, வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லவையுங்கள். பட்டப்பெயர் வருவதே பெயர் வாயில் நுழையாத இடத்தில்தான். எல்லாரும் இந்திக்காரர் இல்லை என்பதைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டிக் காட்டுங்கள். ஒடிசாப் பிள்ளைக்கு ஒடியா, பீகார்ப் பிள்ளைக்கு போஜ்புரியோ மைதிலியோ வீட்டுமொழியாக இருக்கலாம். தண்ணீர், சோறு, வா, உட்கார், நண்பன் என்று பத்துச் சொற்களை அவர்கள் மொழியில் எழுதி ஒட்டுங்கள், தமிழ்ப் பிள்ளைகள் படிக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு துணையை நியமித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அந்தத் துணைப்பிள்ளைக்குச் சுமையாகிவிடும். தமிழ் கொஞ்சம் தெரிந்த வடநாட்டுப் பிள்ளையை எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளராக இழுக்க வேண்டாம், அந்தப் பிள்ளையின் படிப்பு போய்விடும்.

உயர் வகுப்புகளுக்கு, 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்களைப் பாடமாக எடுக்கலாம். வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியவை அவை. ஒரு பொய் எத்தனை பேரை ரயில் நிலையத்துக்கு ஓடவைத்தது என்று பிள்ளைகள் பேசட்டும். புதிதாக வரும் பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை அந்தக் காரணங்களைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.